அக்னி ஸ்தலத்தில் ஒரு கிராபிக்ஸ் கார்டு

(மூன்றாம் ஆண்டு, மின்னியல் மற்றும் மின்னணுவியல் பிரிவு)

எனக்குக் கவிதை வராது. மலர்க் குழுவில் இருக்கும் நண்பன் "ரெண்டு பக்கம் காலியா கிடக்குதுடா, ஏதாவது எழுதிக் குடு" என்று ஒரு வாரமாகத் துரத்தியதால், எனக்குத் தெரிந்த ஒரே கதையை எழுதுகிறேன். இது ஒரு கிராபிக்ஸ் கார்டின் கதை. சிவில், மெக்கானிக்கல் நண்பர்கள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். இதில் சுவரும் வருகிறது, ஃபேனும் வருகிறது.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பா நெல் கமிட்டியில் மூட்டை தூக்குகிறார். அம்மா பூ கட்டி விற்கிறார். பௌர்ணமி என்றால் கிரிவலப் பாதையில் ஈசான்ய லிங்கம் பக்கம் இரவு முழுவதும் கடை. மற்ற நாட்களில் வீட்டிலேயே கட்டிக் கொடுப்பது. ஒரே அறை, சிமெண்ட் ஷீட் கூரை. அந்த அறையில் ஒரு பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரும் உண்டு. கேட்டரிங் வேலைக்குப் போய்ச் சாம்பார் வாளி தூக்கிச் சேர்த்த காசில் வாங்கியது.

அதில் பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் 3டி அனிமேஷன் செய்யக் கற்றுக்கொண்டேன். கல்யாண வீடியோ எடுக்கும் ஒரு ஸ்டூடியோக்காரர் என் கோபுரத்தைப் பார்த்துவிட்டு, "கல்யாண வீடியோ ஆரம்பத்துல போட ஒரு 24 செகண்ட் பண்ணித் தா தம்பி, 4,000 தர்றேன்" என்றார். நாலாயிரம்! அப்பா எத்தனை மூட்டை தூக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அப்புறம் போடுவதை நிறுத்திவிட்டேன்.

ஆனால் கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் அந்த வேலை ஆகாது. 50 ரூபாய் டிக்கெட்டில் சென்னைக்கு ரயிலேறி, ரிச்சி தெருவில் ஒரு கடையில் பழைய ஜிடிஎக்ஸ் 1050 டிஐ வாங்கி வந்தேன். 2016 அக்டோபரில் என்விடியா வெளியிட்ட மாடல். 768 கோர், 4 ஜி.பி. நினைவகம், 75 வாட். தனியாக மின் இணைப்பு எதுவும் தேவையில்லை, மதர்போர்டு ஸ்லாட் கொடுக்கும் 75 வாட்டே போதும். என் பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு அதைவிடப் பெரிய கார்டை மாட்டினால் தீபத்துக்கு மலைக்குப் போக வேண்டியதில்லை, வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

விலை 5,500. அம்மாவிடம் 3,000 என்றுதான் சொன்னேன். அது அவர் சீட்டுப் பணம். மீதி 2,500, டெர்ம் ஃபீஸ் கட்டச் சொல்லி அவரே என்னிடம் கொடுத்திருந்தது. ஸ்டூடியோக்காரர் பணம் தந்ததும் கட்டிவிடலாம் என்பது என் திட்டம்.

இப்போது ஓவர்கிளாக் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு சிப்பை அதன் கம்பெனி நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவதுதான் ஓவர்கிளாக். எப்படி முடிகிறது என்றால், ஆயிரக்கணக்கில் சிப் செய்யும்போது அதில் சுமாராக ஓடும் சிப்புக்கும் தாங்கும்படி பொதுவாக ஒரு வேகத்தை எழுதிவிடுகிறார்கள். நல்ல சிப் கிடைத்தவனுக்கு மேலே கொஞ்சம் இடம் இருக்கும். 1998-ல் இன்டெல் விற்ற செலரான் 300ஏ இதற்குப் பேர் போனது. பஸ் வேகத்தை 66-லிருந்து 100 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் 300 மெகாஹெர்ட்ஸ் சிப் 450-ல் ஓடியது. பாதி விலைக்கும் குறைவாகப் பெரிய சிப்பின் வேகம்! அந்தக் காலத்துப் பையன்கள் கொடுத்து வைத்தவர்கள். இப்போதைய கார்டுகள் தாமாகவே முடிந்த அளவு ஏறி ஓடுகின்றன. என் கார்டில் கம்பெனி சொல்லும் பூஸ்ட் வேகம் 1,392. குளிர்ந்த நிலையில் அது தானாகவே 1,747-க்குப் போனது. நமக்கு மிச்சம் வைப்பது கொஞ்சம்தான்.

அந்தக் கொஞ்சத்துக்கு ஆசைப்பட்டேன். 24 செகண்ட், செகண்டுக்கு 25 படம், ஆக 600 படம். ஒரு படத்துக்கு 2 நிமிடம் என்றால் 20 மணி நேரம். எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் கோர் வேகத்தை 125, நினைவக வேகத்தை 400 என்று கூட்டினேன். எவ்வளவு முன்னேற்றம் என்று பார்க்க யூனிஜைன் ஹெவன் பெஞ்ச்மார்க்கை ஓட்டினேன். 2009-ல் வந்த பழைய சோதனைதான். வானத்தில் மிதக்கும் கிராமத்தை 26 காட்சிகளாகக் காட்டிவிட்டுக் கடைசியில் மார்க் போடும். காலை 5 மணிக்கு ஓட்டினேன். சாதாரணமாக நொடிக்கு 41 படம் வந்தது, 44.2 ஆயிற்று. தெருவில் இறங்கி ஓடலாம் போல இருந்தது.

மத்தியானம் நண்பனைக் கூட்டி வந்து காட்டினேன். 36.

ஓவர்கிளாக் செய்யாததைவிடக் குறைவு! திரும்ப ஓட்டினேன், 35.4. அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். ராத்திரி 8 மணிக்கு 37. விடியற்காலை மறுபடி 44. இரண்டு நாள் இப்படியே. பரீட்சையில் ஒரே பேப்பரை நாலு பேர் திருத்தி நாலு மார்க் போட்ட மாதிரி இருந்தது.

ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். "மைனிங்ல ஓட்டித் தேய்ச்ச கார்டுடா. 2022 செப்டம்பர்ல எத்திரியம் மைனிங் நின்னதும் மூட்டை மூட்டையா வித்தானுங்க" என்றான் ஒருவன். எனக்கு அதுதான் சரி என்று பட்டது. ஏமாற்றப்பட்டவன் என்று நினைத்துக்கொள்வதில் ஒரு சுகம் இருக்கிறதே! கடைக்காரருக்குப் போன் போட்டுக் கண்டபடி கத்தினேன். அவர் பொறுமையாக, "தம்பி, ஃபேன் சரியா சுத்துதான்னு பாத்தியா?" என்று கேட்டார். "அதெல்லாம் சுத்துது, நீங்க பணத்தைத் திருப்பிக் குடுங்க" என்றேன். போனை வைத்துவிட்டார்.

அடுத்த சந்தேகம் லோ வோல்டேஜ். இது நம்ம பாடம் ஆயிற்றே! மல்டிமீட்டரை எடுத்து வந்து பிளக்கில் வைத்தேன். காலை 232 வோல்ட், மத்தியானம் 206, ராத்திரி 198. பிடித்துவிட்டேன் திருடனை என்று துள்ளினேன். ஆனாலும் ஒரு சந்தேகத்தில், எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து வரும் மஞ்சள் வயருக்கும் கறுப்பு வயருக்கும் நடுவே அளந்தேன். காலை 11.9. ராத்திரியும் 11.9. உள்ளே வருவது ஏறி இறங்கினாலும் வெளியே போவதை 12 வோல்ட்டில் கட்டிப் பிடிப்பதுதானே அதன் வேலை! 5 சதவீதம், அதாவது 11.4 வரை இறங்கினாலும் அனுமதி உண்டு. லோ வோல்டேஜ் நிரபராதி. கடைக்காரரிடம் கத்துவதற்கு முன்னால் இப்படி ஒரு மீட்டரை வைத்துப் பார்த்திருக்கலாம் என்று அப்போதே உறுத்தியது.

மெஷின்ஸ் லேபில் சம்ப்னர் டெஸ்ட் செய்தோமே, நினைவிருக்கிறதா? இரண்டு டிரான்ஸ்ஃபார்மரை முதுகோடு முதுகாக இணைத்து, லோடு இல்லாமலேயே முழு லோடின் நஷ்டத்தை உண்டாக்கி, சூடு எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பது. அன்றைக்கு ஒரு பேட்ச் பையன்கள் சுவிட்ச் போட்டவுடனே டெம்பரேச்சர் எழுதிவிட்டு டீ குடிக்கக் கிளம்பினார்கள். சார் கூப்பிட்டு, "அது டிரான்ஸ்ஃபார்மர் சூடு இல்லப்பா, ரூம் சூடு. ஏறி நிக்கட்டும், அப்புறம் எழுது" என்றார். படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி இருந்தபோது அது ஞாபகம் வந்தது. நான் எழுதிய 44.2 எந்தச் சூட்டில் எடுத்தது?

மறுநாள் ரெகார்டு நோட்டு போட்டேன். நேரம், அறை வெப்பம், கார்டு வெப்பம், மெகாஹெர்ட்ஸ், படம். முதல் ஓட்டத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. கால் மணி நேரம் சும்மா ஓடவிட்டு, அதன் பிறகு மூன்று தடவை ஓட்டி நடுவில் வருவதை எழுதினேன். கூடவே ஜி.பி.யூ.-இசட் என்ற சின்ன மென்பொருள். கார்டு ஏன் இதற்கு மேல் வேகம் எடுக்கவில்லை என்று அதுவே காரணம் எழுதும். காலையில் 'வோல்டேஜ்' என்று இருந்தது. மத்தியானம் 'தெர்மல்' என்று மாறிவிட்டது. கார்டு 84 டிகிரி, வேகம் 1,400-க்கும் கீழே. இந்தக் கார்டுகள் சூடு ஏற ஏறப் பன்னிரண்டு, பதிமூன்று மெகாஹெர்ட்ஸாகப் படியிறங்கும். எல்லையைத் தொட்டால் படியெல்லாம் கிடையாது, ஒரே உருளல்தான். வேகம் கூட்டியதால் சூடு கூடி, சூடு கூடியதால் வேகம் குறைந்து... நானே என் காலை வாரிவிட்டிருக்கிறேன்.

அக்னி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்தது. ஊரோ பஞ்சபூதத்தில் அக்னி ஸ்தலம். வெயில் மேலே பழியைப் போட்டுவிட்டுப் படுக்கலாம் என்று பார்த்தேன். ஆனால் ராத்திரி 8 மணிக்கு வெளியே நன்றாகக் காற்றடிக்கும்போதும் ஏன் 37? அறைக்குள் பூ கட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் சும்மா புலம்பினேன். அவர் நிமிராமலே சொன்னார்:

"அந்தச் செவுத்தாண்ட வெச்சா வேகாம இன்னா பண்ணும்? மத்தியானம் பூரா மேக்கால வெயிலு அதுமேலதான் அடிக்குது. ராத்திரி பத்து மணி வரைக்கும் கொதிக்கும். நான் பூக்கூடைய என்னிக்காச்சும் அங்க வெச்சிக்கிறனா?"

கையை வைத்துப் பார்த்தேன். இட்லிப் பானையைத் தொட்டது போல இருந்தது. அந்தச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளித்தான் கேபினெட்டின் பின்பக்கம். சூடான காற்று வெளியேற வேண்டிய இடத்தில் ஒரு அடுப்பு!

கேபினெட்டை எதிர்ப்பக்கம் மாற்றினேன். மத்தியானம் 36 வந்த இடத்தில் 38.5 வந்தது. முழுசாகத் தீரவில்லை. கடைக்காரர் கேட்ட கேள்வி காதில் விழுந்துகொண்டே இருந்தது. கார்டைக் கழற்றினேன். ஃபேனின் நடு அச்சில் ஏதோ சுற்றிக்கொண்டு கிடந்தது. இடுக்கியால் இழுத்தேன். வருகிறது, வருகிறது, ஒரு முழம் வருகிறது. வாழைநார்! அம்மா பூ கட்டிப் போட்ட நார்த் துணுக்குகள் தரையோரம் பறந்து, கேபினெட் ஓட்டைக்குள் போய், ஃபேன் கழுத்தில் மாலையாக விழுந்திருக்கின்றன. ஃபேன் சுற்றியது உண்மைதான். திருவிழாக் கூட்டத்தில் நடக்கிறவன் மாதிரி சுற்றியிருக்கிறது. ஹீட் சிங்க்கையும் கழற்றிப் பார்த்தேன். பழைய தெர்மல் பேஸ்ட் சுண்ணாம்பு போலக் காய்ந்திருந்தது. துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு பட்டாணி அளவு வைத்தேன். மத்தியானம் 42.5, வெப்பம் 71.

கடைக்காரருக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். போடுவதற்குள் நாலு தடவை நம்பரை அழுத்தி அழுத்தி நிறுத்தினேன், அது வேறு கதை. "வாழைநாரா? இருபது வருஷமா கடை வெச்சிருக்கேன், இது மொதத் தடவ" என்று அவர் சிரித்த சிரிப்பில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

இதோடு நிறுத்தியிருந்தால் நான் புத்திசாலி. கார்டு குளிர்ந்துவிட்டது என்றதும் நினைவக வேகத்தை 400-லிருந்து 600-க்கு ஏற்றினேன். திரையில் புள்ளி இல்லை, கோடு இல்லை, எல்லாம் சுத்தமாக ஓடியது. மார்க் மட்டும் குறைந்தது! ஜிடிடிஆர்5 நினைவகத்தில் தகவல் போகும் பாதையில் பிழை கண்டுபிடிக்கும் ஏற்பாடு உண்டு. பிழையாகப் போனால் அதே தகவலைத் திரும்ப அனுப்பும். ஆகவே எல்லை மீறினால் உடனே விழுந்துவிடாது, ஒரே மூட்டையை இரண்டு தடவை தூக்குகிற ஆள் மாதிரி ஓடிக்கொண்டே பின்தங்கும். படிப்படியாக ஏற்றி மார்க் எங்கே திரும்புகிறது என்று பார்த்தால்தான் தெரியும். 400-க்கே திரும்பி வந்தேன்.

சித்ரா பௌர்ணமி அன்று மத்தியானம் 12 மணிக்கு ரெண்டரை ஓடவிட்டேன். மறுநாள் காலை 9 மணிக்கு ஸ்டூடியோவில் கொடுக்க வேண்டும். அதற்கு அடுத்த நாள் ஃபீஸ் கட்டக் கடைசித் தேதி. ஒரு படம் 110 செகண்டில் முடிந்தது. ஓவர்கிளாக் செய்யாமல் இருந்தால் 120. சாயங்காலம் அம்மா கூடையோடு கிளம்பிவிட்டார். அப்பாவும் துணைக்குப் போனார். கிரிவலக் கூட்டம் 14 கிலோமீட்டரும் நிரம்பி, தெருக்கோடி வரை சத்தம் கேட்டது. நான் படம் எண்ணிக்கொண்டே தூங்கிவிட்டேன்.

2 மணிக்கு விழிப்பு வந்தது. ஃபேன் சத்தம் இல்லை. 412-ஆவது படத்தில் நின்றிருந்தது. திரையில், இல்லீகல் அட்ரஸ் என்று ஒரு பிழைச் செய்தி. அதாவது சட்டவிரோத முகவரி. எங்கள் தெருவிலேயே யாருக்கும் பட்டா கிடையாது. கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரிந்தது என்று ஒரு நிமிடம் திகைத்துப் போனேன்!

விஷயம் இதுதான். ஹெவன் ஒரு தடவை ஓட நாலைந்து நிமிடம். ரெண்டர் 12 மணி நேரம். அதுவும் வேறு மாதிரி கணக்கு, சிப்பின் வேறு பகுதிகளைக் கசக்கும் கணக்கு. பெஞ்ச்மார்க்கில் பாஸானது ரெண்டரில் பெயிலாகலாம். கோர் வேகத்தில் நான் கூட்டிய 125, விளையாட்டுக்குத் தாங்கும், இதற்குத் தாங்கவில்லை. நல்ல வேளை, ஒவ்வொரு படத்தையும் தனித்தனி ஃபைலாகச் சேமிக்கச் சொல்லியிருந்தேன். நேராக வீடியோவாகச் சேமித்திருந்தால் 411 படமும் போயிருக்கும். (இதை மட்டும் அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள்.)

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். படத்துக்கு 10 செகண்ட் வீதம் ஓவர்கிளாக் எனக்கு மிச்சப்படுத்தியது 68 நிமிடம். 12.35 வாக்கில் நின்றுபோய் நான் பார்க்காமல் கிடந்தது 85 நிமிடம். ஆக மொத்தம் 17 நிமிடம் நஷ்டம். இதற்கா ஒரு வாரம் தூங்காமல் கிடந்தேன்!

கூட்டியதை எல்லாம் பூஜ்யமாக்கினேன். மீதி 189 படம், 2 நிமிடம் வீதம் 6 மணி 18 நிமிடம். 8.18-க்கு முடியும். கரண்ட் போனால் தீர்ந்தது. கேபினெட் மூடியைக் கழற்றி, வீட்டில் இருந்த ஒரே டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, வியர்வையில் உட்கார்ந்திருந்தேன். கிரிவலப் பாதையில் அஷ்ட லிங்கத்தில் அக்னி லிங்கமும் உண்டு, வாயு லிங்கமும் உண்டு. அந்த ராத்திரி நான் கும்பிட்டது வாயுவைத்தான்.

காலை 6 மணிக்கு அம்மாவும் அப்பாவும் வந்தார்கள். அப்பா அப்படியே படுத்துவிட்டார். அம்மா டேபிள் ஃபேனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் சில்லறையைக் கொட்டி எண்ண ஆரம்பித்தார். 500-ஐத் தாண்டியிருந்தது திரை. எனக்குத் தாங்கவில்லை.

"அம்மா, அந்தக் கார்டு மூவாயிரம் இல்லம்மா. ஐயாயிரத்து ஐந்நூறு."

"தெரியும்."

"எப்படி?"

"ஒவ்வொரு தபாவும் ஃபீசு கட்டிட்டு ஒரு ரோசு சீட்டு குடுப்ப. அரிசி டப்பா மேல இருக்கிற டப்பாவுல போட்டு வெப்பேன். இந்தத் தபா சீட்டு வரலியே." எண்ணுவதை நிறுத்தாமலே சொன்னார். என் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. டப்பாவை அப்புறம் திறந்து பார்த்தேன். முதல் வருடத்திலிருந்து எல்லா ரசீதும் தேதி வரிசையில் இருந்தது.

8.20-க்கு முடிந்தது. பென் டிரைவோடு சைக்கிளில் ஸ்டூடியோவுக்குப் பறந்தேன். 3,500 கையில் கொடுத்தார். மீதி 500, கல்யாணம் முடிந்த பிறகாம். மறுநாள் ஃபீஸ் கட்டி, ரோசு சீட்டை அம்மா கையில் கொடுத்தேன்.

அதன் பிறகு லீவில் ஒரு வேலை செய்தேன். சிப் எடுக்கும் மின்சாரம், வேகத்தோடு நேர் விகிதத்திலும், வோல்டேஜின் வர்க்கத்தோடும் போகிறது. ஆக வேகத்தைக் கூட்டுவதைவிட வோல்டேஜைக் குறைப்பதில் ஆதாயம் அதிகம். ஆஃப்டர்பர்னரில் வோல்டேஜ் வரைகோட்டைத் திறந்து, 0.9 வோல்ட்டில் 1,700 என்று கட்டி வைத்தேன். அதையும் ஒரு முழு ராத்திரி ரெண்டர் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் நம்பினேன். காலையில் 41.3, மத்தியானம் 41, ராத்திரி 41.2. வெப்பம் 65-ஐத் தாண்டவில்லை. 44.2-ஐ அதற்குப் பிறகு நான் பார்க்கவே இல்லை.

ஸ்டூடியோக்காரர் அடுத்து ஒரு காதுகுத்து விழாவுக்குக் கேட்டிருக்கிறார். அம்மா இப்போது திண்ணையில் உட்கார்ந்துதான் பூ கட்டுகிறார். உள்ளே வாங்கம்மா, வெயில் என்றால், "நாரு உள்ள பூந்துடும்டா" என்கிறார். சீட்டுப் பணத்தில் இன்னும் 2,000 பாக்கி இருக்கிறது. அதையும் அவர் மறக்கவில்லை.